குடியினின்று மீள்வோர் கூட்டம்: அதை நம் பக்கத்தில் காண்பது எப்படி?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, தவணை தவறிய கடன்களின் பட்டியலை நாம் முதலில் கேட்டு வாங்குவது வழக்கம். அதில் காரணம் எழுதுவதற்கென்று ஒரு பத்தி உண்டு. 'மழை பொய்த்தது', 'வைத்தியச் செலவு', 'மகள் கல்யாணம்', 'பாவு கிடைக்கத் தாமதம்' என்றெல்லாம் அதில் எழுதியிருக்கக் காண்கிறோம். 'குடி' என்று எழுதியதை மட்டும் இதுவரை எந்தச் சங்கத்திலும் நாம் கண்டதில்லை. காரியதரிசிக்கு அது தெரியும், பஞ்சாயத்தாருக்குத் தெரியும், ஜாமீன் நின்ற இருவருக்கும் மிக நன்றாகத் தெரியும். எழுத மட்டும் ஒருவருக்கும் கை வருவதில்லை. இந்தத் தயக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஒருவருடைய மானத்தைப் பேரேட்டில் ஏற்றுவது கூட்டுறவு ஆகாது. ஆயினும், பெயர் சொல்லப்படாத நோய்க்கு மருந்து தேடுவாரும் இல்லாமற் போய்விடுகிறார்கள்.

குடிக்கு அடிமையானவர் அதை விட நினைப்பதேயில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் அறிந்தவரை அது சரியன்று. விட நினைத்து, விட்டு, மீண்டும் தொட்டவர்களே மிகுதி. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் உண்டு. சாமி முன்னிலையில் கயிறு கட்டிக்கொண்டவர் உண்டு. பிள்ளையின் தலைமேல் கை வைத்து ஆணையிட்டவரும் உண்டு. கார்த்திகையில் மாலை அணிந்து, ஒரு மண்டலம் முழுதும் ஒரு சொட்டும் தீண்டாமல் மலைக்குப் போய் வந்து, மாலை கழற்றிய மறுநாளே பழைய இடத்துக்குச் சென்றவரை நம்மில் யார்தான் பார்க்கவில்லை? இதைக் கண்டு ஊரார் சிரிக்கிறார்கள். சிரிப்பதை விட்டுச் சற்றுச் சிந்திக்க வேண்டிய இடம் இது. அந்த 48 நாளும் அவரால் எப்படி முடிந்தது? விரதம் ஒரு காரணம். ஆனால் வேறொன்றும் இருந்தது. விடியற்காலையில் உடன் குளிக்க நால்வர் இருந்தார்கள். மாலையில் பஜனைக்கு அழைக்க ஒரு குருசாமி இருந்தார். குடித்துவந்த அந்தப் பொல்லாத நேரம் கூட்டத்தோடு கழிந்தது. மாலை கழன்றபோது கூட்டமும் கலைந்தது. தனித்து விடப்பட்டவர் தோற்றார்.

மண்டலம் முடிந்தபின்னும் கலையாத கூட்டம் ஒன்று அவருக்கு வேண்டும். அப்படிப்பட்ட கூட்டங்கள் உலகெங்கும் நடைபெறுகின்றன, தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. அவை எப்படிப்பட்டவை, சேலம் நாமக்கல் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் அவற்றைத் தேடி அடைவது எவ்வாறு, நம் சங்கங்கள் அதற்கு என்ன செய்யலாம் என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

சேலம் கண்ட மதுவிலக்கு

குடியை ஒழிக்கும் முயற்சியில் நம் ஜில்லாவுக்குத் தனிச் சரித்திரம் உண்டு. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். ராஜாஜியின் மந்திரிசபை 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அதைத் தொடங்கிற்று. அந்நாளைய சேலம் ஜில்லாவில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு மட்டுமல்லாமல், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அடங்கியிருந்தன.

இது திடீரென்று வந்ததன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியபோதே, நூற்பு, நெசவு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்கும் ஆசிரமத்தின் வேலையாயிற்று. அங்கிருந்து 1929-இல் 'விமோசனம்' என்னும் மாதப் பத்திரிகை மதுவிலக்குக்கென்றே வெளிவந்தது. பின்னாளில் 'கல்கி' என்று புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி அதில் ராஜாஜிக்குத் துணையாக வேலை பார்த்தார். நெசவாளர்க்கும் உழவர்க்கும் குடியின் கேட்டைப் படம் போட்டு விளக்கிய பத்திரிகை அது.

கடைகள் மூடப்பட்டதால் அரசாங்கத்துக்குப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இன்று நூலுக்கும் சாயத்துக்கும் நாம் செலுத்தும் வரிக்கு அதுவே பாட்டன் என்று சொல்லலாம். கள் இறக்கிய தொழிலாளர் பிழைப்பை இழக்காதிருக்கப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. கூட்டுறவு இயக்கத்துக்கும் மதுவிலக்குக்கும் அன்று தொட்டே உறவு உண்டு.

அதன் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். உலகப் போர்க் காலத்தில் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுதும் மீண்டும் வந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டது, 1974-இல் திரும்பவும் இறுகிற்று, 1981-இல் மறுபடி கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் ஏற்பட்டது. 2003-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. நம் ஜில்லாவில் ஒரு முதியவர் தம் வாழ்நாளில் கடை மூடியதையும் திறந்ததையும் பலமுறை பார்த்திருக்கிறார்.

சட்டம் செய்த நன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. கடை தூரத்தில் இருந்தால் கூலிப் பணம் வீடு வந்து சேர்வதற்கு வழி பிறக்கும். ஆனால் சட்டம் மதுவை மனிதனிடமிருந்து விலக்கி வைக்கலாமே தவிர, அவனுக்குள் ஏற்கனவே வேர்விட்ட வேட்கையைப் பிடுங்க அதனால் இயலாது. 2024 ஜூன் மாதத்தில் அண்டை ஜில்லாவான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள்; உயிருக்குப் போராடிய பலர் சேலம் அரசு மருத்துவமனைக்கே கொண்டுவரப்பட்டார்கள். அரசாங்கக் கடை திறந்திருந்த காலத்திலேயே இது நடந்தது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், வேட்கை கொண்டவருக்குச் செய்யவேண்டிய உதவி ஒன்று மிச்சமிருக்கிறது.

ஆக்ரன் நகரில் இருவர்

சேலத்தில் மதுவிலக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் என்னும் ரப்பர்த் தொழில் நகரில் வேறொரு முயற்சி தொடங்கிற்று. பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடியினால் தொழிலை இழந்தவர். சில மாதங்களாகக் குடியாமல் இருந்தார். 1935 மே மாதம் ஒரு வேலையாக ஆக்ரனுக்கு வந்தார். வேலை கெட்டது. தங்கியிருந்த ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் டெலிபோன். குடித்துவிடுவோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் தப்பலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. ஊரிலுள்ள பாதிரிமாருக்கு டெலிபோன் செய்து விசாரித்து, கடைசியில் ராபர்ட் ஸ்மித் என்ற டாக்டரைக் கண்டார். ஸ்மித் கைதேர்ந்த அறுவை வைத்தியர். குடியினால் கை நடுங்கியவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்தது அவ்வாண்டு ஜூன் 10-ஆம் தேதி என்பார்கள். அந்தத் தேதியையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் சங்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். சுருக்கமாக 'ஏ.ஏ.' என்பது வழக்கம். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது அதன் பொருள்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. வில்சன் டாக்டரைத் தேடிப் போனது அவருக்கு உபதேசம் செய்வதற்காக அன்று, தாம் தப்புவதற்காக. மீண்டவர் மீளாதவரைத் தாங்கும்போது தாமும் தாங்கப்படுகிறார். ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நம் நாணயச் சங்கக் கொள்கைக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பதை அங்கத்தினர்கள் எளிதில் உணர்வார்கள். இந்தியாவில் இக்கூட்டம் 1957-இல் டெல்லியில் தொடங்கிற்று. இன்று மும்பையில் அதன் இந்தியப் பொது அலுவலகம் இருக்கிறது. உலகில் சுமார் 180 நாடுகளில் இக்கூட்டங்கள் நடக்கின்றன.

வெறும் பேச்சினால் பலன் உண்டா என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. 10,000-க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் சோதித்த காக்ரேன் மதிப்புரை ஒன்று 2020-இல் வெளிவந்தது. முறையாக ஊக்கி இக்கூட்டங்களில் சேர்க்கப்பட்டவர்களுள், தொடர்ந்து குடியாமல் இருந்தவர்கள் மற்ற மனநலச் சிகிச்சை முறைகளில் கண்டதைவிட அதிகம் என்று அது முடிவு கூறிற்று. எல்லாரும் மீண்டார்கள் என்று அது சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

தணிக்கை இல்லாத சங்கம்

கூட்டத்தில் என்ன நடக்கிறது? ஓர் அறை, சில நாற்காலிகள், தேநீர். சுமார் ஒன்றரை மணி நேரம். ஒருவர் எழுந்து, 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தம் கதையைச் சொல்கிறார். இடையில் யாரும் மறித்துப் பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. அடுத்தவர் தம் கதையைச் சொல்கிறார். சொல்ல விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். குடிநோயாளிகள் மட்டும் கூடும் கூட்டம் உண்டு. யாரும் வந்து பார்க்கக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு.

கூட்டுறவு இலாகாவில் பழகியவர்க்கு இதன் அமைப்பு வியப்பளிக்கும். பங்குத் தொகை இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கத்தினர் பதிவேடு இல்லை. தீர்மானப் புத்தகம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. கடைசியில் ஒரு தட்டு சுற்றி வரும். இயன்றதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய கண்டிப்பான வழக்கம். நம்மைப் போன்ற இன்ஸ்பெக்டருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது என்பதைச் சற்றுப் பொறாமையுடனேயே ஒப்புக்கொள்கிறோம்.

அவர்களுடைய 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. எந்தச் சமயத்தையும் அது குறிப்பதில்லை. அவரவர் அறிந்தவாறு கொள்ளலாம். தெய்வ நம்பிக்கையில்லாத அன்பர்கள் நம் பக்கத்தில் பலர். அப்படிப்பட்டவர்கள் தம்மினும் பெரிய சக்தி என்பதற்கு அந்தக் கூட்டத்தையே கொள்வதும் உண்டு. பல ஊர்களில் கூட்டம் மாதா கோயில் கட்டடத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடப்பதைக் கண்டு மதம் மாற்றும் வேலை என்று ஐயுற வேண்டாம். வாடகை குறைவாகக் கிடைக்கும் இடம் என்பதே காரணம்.

முதலில் வைத்தியர்

கூட்டத்துக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத உருவம் தெரிவதும் புத்தி தடுமாறுவதும் காணலாம். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகக்கூடும். ஆகவே, காலையில் எழுந்தவுடன் குடித்தாலன்றி நடுக்கம் நிற்காதவரும், முன்பு வலிப்புக் கண்டவரும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் போக வேண்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சில நாள் மருந்தும் உயிர்ச்சத்தும் கொடுத்து உடம்பை அமைதிப்படுத்துவது அவர்கள் வேலை. பின்னர் வரும் ஆண்டுகளைக் கடக்கத் துணை நிற்பது கூட்டத்தின் வேலை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தைப் பற்றித் தாய்மார்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். டைசல்பிரம் என்னும் மாத்திரையை அவ்வாறு கொடுத்து, அவர் அறியாமல் குடித்துவிட்டால், நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து மரணமும் நேரலாம். வைத்தியர் சொல்லி, சாப்பிடுகிறவர் அறிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

இன்னொன்று. குடிமறப்பு இல்லம் என்று பலகை மாட்டி, ஆளைக் கட்டித் தூக்கிச்சென்று அடைத்து வைக்கும் இடங்களும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாத இல்லத்தில் யாரையும் சேர்க்கலாகாது. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கடன் வாங்கிக் கட்டுகிற பணம் அது.

தேடும் வழி

கூட்டத்தைத் தேடுவோர் முதலில் மேற்சொன்ன மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். அருகில் எந்த நாளில் எந்த இடத்தில் ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது என்பதை அங்குள்ள மனநல ஆலோசகர்களும் சமூகப் பணியாளர்களும் விசாரித்துச் சொல்வார்கள். போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசின் கட்டணமில்லாத உதவி எண் 14446. மனத் துயரம் எதுவாயினும் தமிழிலேயே பேசுவதற்கு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. ஏ.ஏ. இந்தியப் பொது அலுவலகத்துக்கு எழுதினாலும் டெலிபோனில் கேட்டாலும் ஊர்வாரியாக விவரம் தருவார்கள்.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் அன்பர்கள் ஈரோட்டையும் சேர்த்து விசாரிப்பது நல்லது. காவிரியின் பாலத்தைத் தாண்டினால் போதும். உள்ளூரில் கூட்டம் இருந்தாலும், தெரிந்த முகங்களுக்கு அஞ்சி வெளியூர்க் கூட்டத்துக்குப் போகிறவர் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் தொலைவு அதிகமானால் அறுவடைக் காலத்திலும், தீபாவளி, பொங்கல் உருப்படிகளுக்கு அவசரம் நேரும் காலத்திலும் போக்கு நின்றுவிடும். அப்படி நின்ற வாரங்களில்தான் சறுக்கல் நேர்கிறது. தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பது அவர்களிடையே வழங்கும் அறிவுரை. கிராமத்தில் அது இயலாது. வாரம் ஒன்றும், இடைநாட்களில் பழைய அங்கத்தினர் ஒருவரோடு டெலிபோன் பேச்சும் என்பது நடக்கக்கூடியது. அத்தகைய பழைய அங்கத்தினரைத் தமக்குத் துணையாளராக ஏற்றுக்கொள்வது கூட்டத்தின் முறைகளில் ஒன்று.

குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் சும்மா இருக்க வேண்டுவதில்லை. மனைவியர்க்கும் குடும்பத்தார்க்கும் 'அல்-அனான்' என்ற தனிக் கூட்டம் உண்டு. வில்சனுடைய மனைவி லோயிஸ் 1951-இல் அதை உருவாக்கினார். கணவர் மீண்டாலும் மீளாவிட்டாலும் தாம் நிமிர்ந்து நிற்பதற்கு அங்கே வழி கேட்கலாம். குடிநோய் கண்ட பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெட்கம் இரட்டிப்பு. ஆகையால் டெலிபோன் உதவி அவர்களுக்கு மிகவும் தேவை.

கிராமமே ஏற்ற பொறுப்பு

நகரத்து ஏற்பாடுகள் கிராமத்துக்கு ஒத்துவருமா என்பார்க்கு மஞ்சக்குடி நல்ல விடை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், இன்று திருவாரூர் ஜில்லாவிலுள்ள மஞ்சக்குடி கிராமத்தில் 1989-இல் ஒரு சிகிச்சை முகாம் நடத்திற்று. வைத்தியரும் ஆலோசகரும் ஊருக்கே வந்தார்கள். ஊரார் இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். சுமார் 15 நாள் சிகிச்சை. பின்னர் அதே முறையில் பல முகாம்கள் நடந்தன. முகாமில் முக்கியமானது அந்த 15 நாள் மட்டுமன்று. முடிந்தபின் மாதந்தோறும் ஆலோசகர் அங்கேயே வந்து, மீண்டவர்களையும் குடும்பத்தாரையும் ஒன்றாகக் கூட்டிப் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் அறியச் சிகிச்சை பெற்றவரைப் பக்கத்து வீட்டுக்காரரே காத்துக்கொள்வார் என்பதை அங்கே கண்டார்கள்.

சங்கம் செய்யத்தக்கது

அருகில் கூட்டமே இல்லையென்றால், குடியை விட விரும்பும் இருவர் மூவர் சேர்ந்தே தொடங்கலாம் என்று ஏ.ஏ. மரபு சொல்கிறது. பொது அலுவலகத்துக்குத் தெரிவித்தால் பழைய கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து வழி காட்டுவார். அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓர் அறை. நம் சங்கங்களில் மாலை 6 மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை! அதைக் கொடுக்கலாம். ஆனால் இலவசமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். தம் செலவைத் தாமே தாங்குவது அவர்கள் கொள்கை. மாதம் ஒரு சிறு வாடகை வாங்கி ரசீது கொடுங்கள். சங்கத்தின் பெயரைக் கூட்டத்துக்குச் சூட்டாதீர்கள். தலைவர் தொடக்க உரையாற்ற வேண்டாம். குத்துவிளக்கும் பொன்னாடையும் வேண்டவே வேண்டாம். யார் யார் வந்தார்கள் என்று காவலாளியிடம் கேட்பதும் கூடாது.

கூட்டத்துக்கு நாள் குறிப்பவர்கள், கூலியும் கரும்புப் பணமும் மரவள்ளிக் கிழங்குப் பணமும் கைக்கு வரும் நாளை யோசித்துக் குறிப்பார்களானால் நன்று. இப்பொழுது கூலி வங்கிக் கணக்கில் சேர்கிறது. அதை எடுக்கும் நாள்தான் அபாயமான நாள். கூலிக் கணக்கு தம்பதிகள் இருவர் பெயரிலும் இருக்கட்டும் என்று மீண்டவரே கேட்டுக்கொண்டால், அதற்கான படிவத்தை உடனே நிரப்பிக் கொடுப்பது காரியதரிசியின் கடமை. சிக்கன நிதியில் கூடுதல் பிடித்தம் வேண்டுமென்று கேட்டாலும் அப்படியே. அவர் கேட்காமல் நாமாகச் செய்தால், அது தண்டனையாகத் தோன்றும்.

ஆடிப் பண்டிகையும் ஊர்த் திருவிழாவும் சாவு வீடும் மீண்டவருக்குச் சோதனைக் களங்கள். 'ஒரு வாய்தானே' என்று கையில் திணிக்கும் உறவினர் எங்கும் உண்டு. ஆடிமாதத்தில் கூட்டம் விடுமுறை எடுக்கலாகாது. அம்மாதத்தில் வாரம் இருமுறை கூடினாலும் தகும்.

மீண்டவர் மறுபடி குடித்துவிட்டால் பஞ்சாயத்தார் என்ன செய்வது என்று ஒரு சங்கத்தில் நம்மைக் கேட்டார்கள். கூட்டத்தில் அவரை விலக்குவதில்லை. மறுவாரம் வந்தால் நாற்காலி போடுகிறார்கள், முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். தறி கொடுப்பதிலும் பாவு கொடுப்பதிலும் சங்கமும் அதே பொறுமையைக் காட்டலாம். ஆனால் புதுக் கடன் கொடுப்பதில் பொறுமை வேறு, தாராளம் வேறு. ரொக்கத்தைக் கையில் கொடுக்காமல் நூலாகவும் உரமாகவும் கொடுப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம்.

உதவி எண்களையும் கூட்டத்தின் நாள், இடத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கத்தில் ஒட்டிவையுங்கள். கூலி கொடுக்குமிடத்துக்கு எதிரேயுள்ள விளம்பரப் பலகையில் ஒட்டாதீர்கள். பத்துப்பேர் பார்த்திருக்க அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் துணிவு வராது. சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரிலோ கழிப்பறைக் கதவின் உட்புறத்திலோ ஒட்டினால், வேண்டியவர் தனியே நின்று படித்துக்கொள்வார்.